அர்த்தக்காவின் திருத்தங்கள்

சாமி பாட்டுக்கு அர்த்தம் சொன்னவர்கள் இந்த நாட்டில் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். மைக் வைத்துச் சொன்னவர்கள், மாலை போட்டுக்கொண்டு சொன்னவர்கள், விடியற்காலையில் டிவியில் வந்து சொன்னவர்கள். ஆனால் 'நேத்து நான் சொன்ன அர்த்தம் தப்பு, அதை மறந்துருங்க' என்று வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கிக்கொண்டு வந்த ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, எங்கள் அர்த்தக்காதான்.

அர்த்தம் சொல்கிற அக்கா, அர்த்தக்கா. அவளுக்கு நிஜப் பெயர் ஒன்று கட்டாயம் இருந்தது. கம்பெனி வருகைப் பதிவில் தினமும் அதை எழுதியதே நான்தான். இருந்தும் எவ்வளவு யோசித்தாலும் இப்போது நினைவுக்கு வர மாட்டேன் என்கிறது.

இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்த சமயம். பி.காம். முடித்துவிட்டு, வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சாத்தூரில் காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் கம்பெனி பஸ் கிளம்பும். ஊர் ஊராக நின்று, தூக்குச் சட்டியும் கையுமாக நிற்கிற பெண்களை அள்ளிப் போட்டுக்கொண்டு போகும். முதல் நாள் நான் ஏறியதும் டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டிலிருந்து ஒரு குரல்.

"ஏ புள்ள, நீ காலேஜ் படிச்ச புள்ளைதான?"

"ஆமாக்கா."

"இங்கன உக்காரு. 'அரவம்'னா என்ன?"

"சத்தம்க்கா."

"சாமி கழுத்துல எதுக்குடி சத்தத்தைக் கட்டியிருக்காரு?"

அக்கா மடியிலிருந்த தடிமனான புத்தகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் பி.காம்.க்கா."

"ஏன், பி.காம்ல சாமி கிடையாதா?"

அரவம் என்றால் பாம்பு என்பதை அன்று சாயங்காலம் கண்டுபிடித்தது டிரைவர் சோலை அண்ணன். ஏதோ கோயில் வாசலில் பூ விற்கிறவளிடம் கேட்டாராம். அதிலிருந்து ஒரு மாதத்துக்கு அந்த பஸ்ஸில் என் படிப்புக்கு மரியாதை இல்லை.

அக்கா முப்பத்தைந்து வயது வரைக்கும் எழுத்துக் கூட்டவே தெரியாதவள். ஒரு தடவை கோயிலில் ஓதுவார் ஒருவர் பாடிக்கொண்டிருந்தார். இவள் தூணோரம் நின்று கேட்டாள். கேட்கக் கேட்கக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வீட்டில் குறையில்லை, உடம்பில் வலியில்லை, பாட்டில் ஒரு வார்த்தைகூடப் புரியவுமில்லை. வேறு யாராக இருந்தாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு பிரசாதம் வாங்கப் போயிருப்பார்கள். அக்கா அப்படிப் போகவில்லை.

"எதுக்கு அழுதோம்னு தெரியணும்ல புள்ள? காரணம் தெரியாம அழுதா அது என்ன அழுகை?"

அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான் ராத்திரிப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து எழுத்துப் படித்தாள். படித்து முடித்ததும் முதல் வேலையாக அந்தப் பாட்டுப் புத்தகத்தை வாங்கினாள். அட்டையில் 'மூலம் மட்டும்' என்று போட்டிருந்தது. உரை கிடையாது, பாட்டு மட்டும்தான் என்று அதற்குப் பொருள். அது அவளுக்குத் தெரியாது. அட்டையைப் பார்த்த சோலை அண்ணன் ரொம்ப அக்கறையாக, "யக்கா, மூலத்துக்குப் புஸ்தகம்லாம் வேண்டாம். கருணைக்கிழங்கு வாங்கித் தின்னுங்க, சரியாப் போகும்" என்றார்.

காலையில் உலை கொதிக்கிற நேரத்தில் ஒரு பாட்டைப் படிப்பாள். பஸ்ஸில் ஏறியதும் அதை எங்களுக்குச் சொல்வாள். படித்ததைத் தனக்குள் வைத்துக்கொள்ள அவளால் முடியாது. வயிற்றில் என்னவோ பண்ணும் என்பாள். சோலை அண்ணனுக்கும் அவளுக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. வழியில் வருகிற அணை வளைவு வரைக்கும் சாமி, அதற்கப்புறம் சினிமாப் பாட்டு. வளைவு நெருங்க நெருங்க அக்கா அவசரமாக அர்த்தம் சொல்லுவாள், சோலை அண்ணன் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார்.

உரை இல்லாத புத்தகத்துக்கு அர்த்தம் எங்கிருந்து வரும்? கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் கேட்பாள். கண் சிகிச்சை முகாமில் டாக்டர் அட்டையைக் காட்டி எழுத்தைப் படிக்கச் சொன்னார். கடகடவென்று படித்துவிட்டு, "இதெல்லாம் இருக்கட்டும் டாக்டர், 'இடர்'னா என்னது?" என்று கேட்டிருக்கிறாள். அவர் வெளிமாநிலத்துக்காரர். கண்ணில் ஏதோ இடறுகிறது போல என்று நினைத்துக்கொண்டு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அக்கா சீட்டோடு வந்து, "கஷ்டம்னு நினைக்கேன், மருந்து குடுத்துட்டாரு" என்றாள். அந்த அர்த்தம் சரியாகத்தான் இருந்தது என்பது வேறு விஷயம்.

யாரும் கிடைக்காத நாளில் அவளே அர்த்தம் பண்ணிக்கொள்வாள். வம்பே அங்கேதான்.

ஒரு பாட்டில் சாமியின் பூ 'நாறும்' என்று வந்தது. அக்காவுக்கு ஒரே பூரிப்பு.

"கேட்டீகளா? சாமிக்கு நாத்தம் பிடிக்குமாம். இனிமே நம்ம குளிச்சுத்தான் கோயிலுக்குப் போகணும்னு இல்ல. இந்தக் கந்தக நாத்தத்தோட அப்பிடியே போகலாம்."

பஸ்ஸே மகிழ்ந்து போனது. வேலை முடிந்து வந்து, குளித்து, சேலை மாற்றி, அதற்கப்புறம் கோயில் என்பது எவ்வளவு பெரிய பாடு! ஒரு வாரம் எங்கள் பெண்கள் கந்தகமும் வெள்ளிப் பொடியுமாக நேரே சன்னதியில் போய் நின்றார்கள். குருக்கள் கற்பூரத் தட்டை ஏற்றவே பயந்தார் என்று கேள்வி. அடுத்த வாரம் அக்கா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.

"நாறும்னா மணக்கும்னு அர்த்தமாம். அந்தக் காலத்துல அப்பிடித்தான் சொல்லுவாகளாம். எல்லாரும் குளிச்சிட்டே போங்க."

பின் சீட்டு செல்வி விடவில்லை. வாய்த் துடுக்குக்காரி அவள். "அப்ப ஒரு வாரம் நாங்க குளிக்காமப் போனதுக்கு?"

"அதுக்கு நான் சாமிகிட்ட சொல்லிட்டேன். எம்மேல எழுதிக்கிடச் சொல்லியிருக்கேன்."

அதோடு விட்டாளா? அந்த வாரம் பஸ்ஸுக்கு வராமல் இருந்த ரெண்டு பேர் வீட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை நடந்தே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். குருக்கள் வீட்டுக்கும் போனாள்.

இன்னொரு பாட்டில் சாமியை 'மருந்து' என்று சொல்லியிருந்தது. எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் முதலில் நினைவுக்கு வருவது மாத்திரை அல்ல, பட்டாசுக்குள் அடைக்கிற மருந்து. அக்கா அன்றைக்குச் சொன்ன விளக்கம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"சாமி மருந்து மாதிரி. பயபக்தியா இருக்கணும். உள்ள போகும்போது செருப்புப் போடக் கூடாது. தீப்பெட்டி கொண்டு போகக் கூடாது. ஒரு அறையில நாலு பேருக்கு மேல கூடக் கூடாது. போட்டு அழுத்தித் தேய்க்கக் கூடாது."

எங்கள் போர்மேன் அதைக் கேட்டு நெகிழ்ந்தே போனார். செவரு செவராக எழுதிப் போட்டும் யாரும் கேட்காததை, இந்தப் பொம்பளை சாமி பேரைச் சொல்லிக் கேட்க வைத்துவிட்டாள் என்று எல்லாரிடமும் சொன்னார். சில வாரம் கழித்து, நோயைத் தீர்க்கிற மருந்து என்பதுதான் சரியான அர்த்தம் என்று அக்காவுக்குத் தெரிய வந்தபோது, மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"யம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இதை மட்டும் திருத்தாதீக."

"அது எப்பிடிண்ணே? சாமியைப் பத்தி இல்லாததைச் சொல்லிப்புட்டு நான் எப்பிடித் தூங்க?"

திருத்திவிட்டாள். மறுநாளே ஒருத்தி மருந்து அறைக்குச் செருப்போடு போய் போர்மேனிடம் திட்டு வாங்கினாள்.

இப்படிச் சிரித்துக்கொண்டு போன பஸ் ஒரு கோடைகாலத்தில் சிரிப்பதை நிறுத்தியது.

எங்கள் கம்பெனிப் பாக்கிங்கில் வேலை பார்த்தவள் பேச்சி. அணைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். அவள் புருஷன் வேறொரு கம்பெனியில் மருந்து அறையில் இருந்தான். ஒரு நாள் மத்தியானம் அந்த அறை வெடித்துப் போய்விட்டது. அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கால் ரெண்டும் போய், அதற்கப்புறம் உயிரும் போனது. நாங்கள் எல்லாரும் கம்பெனி பஸ்ஸிலேயே துக்கம் விசாரிக்கத் துட்டிக்குப் போனோம். பேச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. யார் என்ன சொன்னாலும், "காலில்லாம எங்கன போனாரோ, எப்பிடிப் போனாரோ" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அர்த்தக்கா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அன்று காலையில் படித்த பாட்டில் 'இறந்து நின்றவன்' என்று ஓரிடத்தில் வந்திருக்கிறது.

"பேச்சி, இங்க பாரு. நான் இன்னைக்குப் படிச்சேன். செத்துப் போனவுக சாமி முன்னாடி நிக்கிறாகளாம். நிக்கிறாகன்னுதான் போட்டிருக்கு. படுத்திருக்காகன்னு இல்ல."

பேச்சி மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

"காலோடயாக்கா?"

"காலில்லாம எப்பிடிடி நிக்க முடியும்?"

அப்போதுதான் பேச்சி அழுதாள். அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தெருவே கேட்க அழுதாள். எங்களோடு வந்த பெரியவர்கள், "விடுங்க, அழட்டும், அழுதாத்தான் நல்லது" என்றார்கள்.

பேச்சி அதற்கப்புறம் வேலைக்கு வரவில்லை. அக்கா மட்டும் அடிக்கடி அவள் வீட்டுக்குப் போய்வந்தாள். போனால் அங்கேயும் ஒரு பாட்டு, ஓர் அர்த்தம். அதில் ஒன்று தப்பென்று தெரிந்தால், திருத்தம் சொல்ல அடுத்த வாரம் இன்னொரு நடை.

தீபாவளி வந்தது. போனஸ் வாங்கிய கையோடு பஸ் பெண்களுக்கு ஒரு யோசனை வந்தது. சொன்னது செல்விதான். "பாவம்டி, அர்த்தத்துக்காக ஊரெல்லாம் அலையுது. நம்ம எல்லாருமாச் சேர்ந்து உரை போட்ட புஸ்தகமே வாங்கிக் குடுத்துருவோம்." நான் மதுரைக்குப் போய், பாட்டுக்குக் கீழே பதம் பிரித்து அர்த்தம் போட்ட பெரிய பதிப்பாகப் பார்த்து வாங்கி வந்தேன். தூக்கினால் தோள் இறங்கும். அக்கா அதைக் கையில் வாங்கிக்கொண்டு, பச்சைப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். அன்றைக்கு அணை வளைவு தாண்டியும் சோலை அண்ணன் சினிமாப் பாட்டுப் போடவில்லை.

எவ்வளவு பெரிய தப்புப் பண்ணிவிட்டோம் என்பது ஒரு மாத தீபாவளி லீவு முடிந்து பஸ் திரும்ப ஓட ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது. லீவு முழுக்க அக்கா உட்கார்ந்து படித்திருக்கிறாள். இத்தனை வருடமாக எங்களுக்குச் சொன்ன அர்த்தங்களில் பாதிக்கு மேல் தப்பு! வெடிக்கு ஒரு சீசன் இருக்கிற மாதிரி திருத்தத்துக்கும் ஒரு சீசன் ஆரம்பித்தது. 'தாள்'னா பேப்பர்னு சொன்னேன்ல, இல்ல, சாமியோட பாதம். சிவகாசியில் அச்சாபீசில் வேலை பார்க்கிற அவள் கொழுந்தன் இந்த அர்த்தத்தை நம்பித் தினமும் பேப்பர் கட்டுக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் தகவல் போனது. அன்னைக்கு நான் சொன்னேன்ல, அது இல்ல. இன்னொண்ணு சொன்னேன்ல, அதுவும் இல்ல. சோலை அண்ணன், "யக்கா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. சாமி இருக்காருல்ல? அதுல ஒண்ணும் மாத்தமில்லையே?" என்று கேட்டார்.

ஒரு திங்கட்கிழமை அக்கா பஸ்ஸில் ஏறியபோது முகமே சரியில்லை. புத்தகத்தைத் திறக்கவில்லை. நான் கேட்ட பிறகுதான் அதைத் திறந்து ஓரிடத்தை விரலால் காட்டினாள். 'இறந்து நின்றவன்' என்ற இடத்துக்குக் கீழே, 'எல்லாவற்றையும் கடந்து நின்றவன்' என்று போட்டிருந்தது.

"இறந்துன்னா கடந்துன்னு அர்த்தமாம் புள்ள. சாவைப் பத்தியே இல்ல. நிக்கிறது சாமி. அவ புருஷன் இல்ல."

என்ன செய்யப் போகிறாள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"யக்கா, இது ஒண்ண விட்ருக்கா" என்றாள் செல்வி. அவள் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதே இல்லை.

"அவ அதைத்தான்க்கா பிடிச்சுக்கிட்டு இருக்கா" என்றேன் நான்.

சோலை அண்ணன் பஸ்ஸை ஓரமாக நிறுத்தினார். "நான் படிக்காதவன். ஆனா தப்பான அர்த்தத்துல ஒரு ஆளு காலோட நிக்கிறான்னா நிக்கட்டுமேக்கா. யாருக்கு என்ன நட்டம்?"

அக்கா புத்தகத்தை மூடி மடியில் வைத்தாள்.

"ராத்திரி பூரா நானும் அப்பிடித்தான் நினைச்சேன். விட்ரலாம்னு. ஆனா நாளைக்கு அவளே இந்தப் பாட்டை எங்கனயாச்சும் கேட்டு, வேற யாராச்சும் அர்த்தம் சொல்லி, அர்த்தக்கா நம்மளை ஏமாத்திப்புட்டாளேன்னு நினைச்சா? அப்புறம் நான் சொன்ன எதைத்தான் அவ நம்புவா? பொய்யைச் சொல்லி அவளை அழ வச்சிட்டேனே..."

ஞாயிற்றுக்கிழமை நானும் அவளோடு போனேன். தடுக்கப் போனேனா துணைக்குப் போனேனா என்று எனக்கே தெரியவில்லை. பேச்சி வீட்டு வாசலில் அடுப்பெரிக்கப் பருத்திமாரைக் கட்டிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். அக்கா தண்ணீரைக் குடிக்காமல் செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"பேச்சி, அன்னைக்கு உங்கிட்ட ஒண்ணு சொன்னேன். நிக்கிறாகன்னு."

"ம்."

"அது தப்பு. அந்த வார்த்தைக்கு அர்த்தம் வேற. எல்லாத்தையும் கடந்து நிக்கிறது சாமி. அவரைப் பத்தித்தான் பாட்டு."

பேச்சி கையிலிருந்த பருத்திமாரைக் கீழே வைத்தாள்.

"அப்ப அவுக நிக்கலையா?"

அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"தெரியலைடி. நிக்கிறாகன்னும் அந்தப் பாட்டு சொல்லலை, நிக்கலைன்னும் சொல்லலை. அது வேற ஏதாவது பாட்டுல இருக்கும். நான் இன்னும் அம்புட்டு தூரம் படிக்கலை."

பேச்சி திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் எழுந்து வந்து அக்காவின் கையிலிருந்த செம்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"துட்டிக்கு வந்தவுக எல்லாரும் ஆளுக்கொரு ஆறுதல் சொல்லிட்டுப் போனாக. போனவுக போனதுதான். ஒருத்தரும் திரும்பி வரலை. நீ ஒருத்திதான், சொன்னது தப்பு, சொன்னது தப்புன்னு திரும்பத் திரும்ப வந்தே. நீ சரியாச் சொல்லியிருந்தா நீயும் வந்திருக்க மாட்டே." சேலை முந்தானையால் அக்காவின் முகத்தை அவளே துடைத்துவிட்டாள். "அம்புட்டு தூரம் படிக்கிற வரைக்கும் வந்துக்கிட்டே இருக்கா."

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பேச்சி உலை வைத்தாள். அக்கா அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.

அடுத்த சீசனுக்குப் பேச்சி வேலைக்குத் திரும்பினாள். பஸ்ஸில் அக்காவுக்குப் பக்கத்து சீட்டு அவளுக்கு என்றானது. அக்கா ஓர் அர்த்தம் சொல்லி முடித்ததும், "இது நெசமா, இல்ல அடுத்த வாரம் திருத்தம் வருமா?" என்று முதலில் கேட்பது அவள்தான். சிரித்துக்கொண்டே கேட்பாள்.

எனக்குக் கோயம்புத்தூரில் கல்யாணம் முடிவானது. கடைசி நாள் பஸ்ஸில் எல்லாரும் ஆளுக்கொரு எவர்சில்வர் பாத்திரம் கொடுத்தார்கள். அக்கா வெறுங்கையோடு வந்தாள்.

"உனக்குன்னு ஒரு பாட்டு எடுத்து வச்சிருக்கேன் புள்ள. ஆனா அர்த்தம் இன்னும் சரியாப் பிடிபடலை. தெரிஞ்சதும் வந்து சொல்றேன்."

நான் அதை மறந்தே போனேன். என் மகள் பிறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு மத்தியானம் கதவைத் திறந்தால், கையில் சாத்தூர் சேவுப் பொட்டலத்தோடு அர்த்தக்கா நிற்கிறாள். ரெண்டு பஸ் மாறி, வழியெல்லாம் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். உட்காரக்கூட இல்லை. தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கி, அதன் காதில் சொன்னாள்.

"சாமி நம்மளைப் பேரைச் சொல்லிக் கூப்பிடாதாம். எம்புள்ளேன்னுதான் கூப்பிடுமாம்."

சாப்பிட்டாள். கொஞ்ச நேரம் படுத்தாள். சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டாள்.

அந்தப் பாட்டுக்கு அதுதான் அர்த்தமா என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. அது தப்பாக இருந்து, அக்கா இன்னொரு தடவை பஸ் ஏறி வந்தால் தேவலை.